மாட்டுக் கண்ணும் அம்மாவின் கேள்வியும் | சான் பிரான்சிஸ்கோ எக்ஸ்ப்ளோரடோரியம் வ்லாக்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் ரொம்பக் கேட்கிறதா? சரி, இப்படிச் சுவர் ஓரமாக வந்துவிடுகிறேன். நான் நிற்பது சான் பிரான்சிஸ்கோ எம்பார்கடெரோ கடலோரச் சாலையில், பியர் 15 வாசலில். தண்ணீருக்குள் நீண்டு போகிறதே, பழைய கப்பல்துறைக் கொட்டகை, அதற்குள்தான் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் மையம் இருக்கிறது. போன வாரம் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அன்று கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை. இன்று தனியாக வந்து அன்றைய கதையை உங்களிடம் சொல்கிறேன்.

அம்மா திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். எட்டாவது வரை படித்தவர். மூன்று மாதம் என்னோடு இருக்க வந்திருக்கிறார். இங்கே ஓர் அறிவியல் மையம் இருக்கிறது, போகலாம் என்றதும் அவர் சொன்னது இதுதான்: "எனக்கு அதெல்லாம் என்னடி புரியும்? நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வெளியே கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அந்த வார்த்தை எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐம்பது வருடம் மாடு, தோட்டம், அடுப்பு என்று இருந்தவர். மழை வருமா வராதா என்று காற்றை வைத்தே சொல்லிவிடுவார். அவருக்கு அறிவியல் புரியாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். முதலில் இதைப் பார், அடுத்து அதைப் பார் என்று இங்கே வழி போட்டு வைக்கவில்லை. எதையும் தொடலாம், திருகலாம், திரும்பத் திரும்பச் செய்யலாம். ஒரு பக்கம் பட்டறையே திறந்து கிடக்கிறது. இங்கே வைக்கிற பொருட்களை அங்கேயே அறுத்து, துளையிட்டு, பற்றவைத்துச் செய்கிறார்கள், நாம் நின்று பார்க்கலாம். அம்மாவுக்கு முதலில் பிடித்தது அந்தப் பட்டறைதான்.

இதைத் தொடங்கியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் ராபர்ட் ஓப்பன்ஹைமர் இருக்கிறாரே, அவருடைய தம்பி. இவரும் இயற்பியலாளர், அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததற்காக 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. மினசோட்டா பல்கலைக்கழக வேலை போனது, ஆராய்ச்சிக் கதவுகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. மனிதர் கொலராடோ மலைப்பக்கம் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போய், மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்தார். 1957இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனார். பழைய இரும்புச் சாமான் கிடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், அங்கே கிடந்த உதிரி பாகங்களை வைத்தே பாடம் நடத்தினார். அப்புறம் 1965இல் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1969இல் இதைத் தொடங்கினார். அப்போது இது பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வளாகத்தில், 1915 உலகக் கண்காட்சியில் மிச்சமிருந்த கட்டடத்துக்குள் இருந்தது. இந்தப் பியருக்கு வந்தது 2013இல்தான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "மாடு வச்சிருந்தவரா?" என்று கேட்டார். அதன் பிறகு வெளியே போய் உட்காரும் பேச்சே வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம். ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு பெண், பதினேழு வயது இருக்கலாம், மாட்டின் கண்ணை அறுத்துக் காட்டத் தயாராக நிற்கிறாள். அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். "பசுவாடி? இதுக்குன்னு கொன்னாங்களா?" என்றார். அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தப் பெண் முகம் மாறவில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து வருவது, இதற்காக எந்த மாட்டையும் கொல்வதில்லை, பார்க்க விருப்பமில்லாதவர்கள் தள்ளி நிற்கலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். அம்மா தள்ளித்தான் நின்றார். கொஞ்ச நேரம்தான்.

கண்ணின் முன்னால் இருக்கும் கெட்டியான படலத்தை, அதாவது கார்னியாவை, கத்தியால் கீறியதும் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் வந்தது. விழிக்குள் நுங்குச் சுளை மாதிரி தெளிவான கூழ். அதிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒன்றைப் பிரித்து எடுத்தாள். லென்ஸ். அதை ஒரு செய்தித்தாள் மேல் வைத்தாள். கீழே இருந்த எழுத்து பெரிதாகத் தெரிந்தது!

அம்மா பையில் துழாவி, படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "ரெண்டு வருசம் முன்னாடி எனக்கும் இதத்தான எடுத்தாங்க?" என்றார்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் செய்தார்கள். ஆனால் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொட்டு மருந்து நேரத்துக்குப் போட்டாயா என்று மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் கேள்வியைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னாள். ஆமாம், இதே லென்ஸ்தான். மனிதக் கண்ணில் இன்னும் சின்னதாக இருக்கும். அது கலங்கிப்போவதுதான் புரை. கலங்கியதை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் மாதிரியான ஒரு லென்ஸை வைப்பார்கள். நம் சொந்த லென்ஸ் கிட்டப் பார்க்க, தூரம் பார்க்க என்று வடிவத்தை மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் வைக்கிற செயற்கை லென்ஸுக்கு அது முடியாது, அதனால்தான் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. அம்மா தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அவள் விழியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மயில் கழுத்து நிறத்தில் நீலமும் பச்சையும் கலந்து மின்னியது. அம்மா உடனே, "ராத்திரி டார்ச் அடிச்சா மாட்டுக் கண்ணு பளபளன்னு எரியுமே, அது இதுதான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அதேதான். டபீட்டம் என்று பெயர். உள்ளே வந்த வெளிச்சத்தைத் திருப்பி விழித்திரைக்கே அனுப்பும், அதனால் மங்கலான இரவிலும் மாட்டுக்குக் கண் தெரியும். நமக்கு இது கிடையாது. சந்தேகத்தை அம்மா எழுப்பினார், விளக்கத்தை அந்தப் பெண் கொடுத்தாள், நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அம்மா இத்தனை வருடம் தொழுவத்தில் பார்த்துவைத்ததுதான் அன்று அந்த மேசையில் எல்லோருக்கும் பாடமாகியது.

அந்தப் பெண்ணைப் போன்றவர்களை எக்ஸ்ப்ளெயினர்கள் என்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், சம்பளத்துக்கு வேலை. தொடக்க காலத்திலேயே ஃபிராங்க் செய்துவைத்த ஏற்பாடு இது. கோட் போட்ட பேராசிரியர் ஒருவர் நின்றிருந்தால் அம்மா வாயே திறந்திருக்க மாட்டார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். பேத்தி வயதுப் பெண் என்பதால் கேட்டார்.

நான் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு அருங்காட்சியகம் பார்த்திருக்கிறேன். வரிசை கலையக் கூடாது, கை நீட்டக் கூடாது, அரை மணியில் பேருந்தில் ஏற வேண்டும். திரும்பி வந்து ஒரு பக்கக் கட்டுரை. எந்தப் பொருளுமே இப்போது நினைவில் இல்லை. ஆசிரியர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனால், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டாம். ஒரு பொருளின் முன்னால் அவர்கள் இஷ்டத்துக்கு நிற்கட்டும். நம் நாட்டிலும் இடங்கள் இருக்கின்றன. சென்னையில் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையம், பெங்களூரில் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பேருந்தில் கண்காட்சியை ஏற்றிக்கொண்டு கிராமத்துக்கே போகும் திட்டம் கொல்கத்தாவில் 1965லேயே தொடங்கிவிட்டது. எக்ஸ்ப்ளோரடோரியமும் தன் காட்சிப் பொருட்களை எப்படிச் செய்வது என்று சமையல் குறிப்பு மாதிரி புத்தகமாகவே போட்டது, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று.

டிக்கெட் இல்லாமல் ஒன்று நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். இதோ, இந்தத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, வலது பக்கம் நான்கு விரல் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து, மெதுவாக முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும். கண் நரம்பு வெளியே போகிற இடத்தில் விழித்திரை இல்லை, அங்கே விழுவது தெரியாது. அந்த மேசையில் அதே இடத்தையும் அறுத்த கண்ணில் காட்டினார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் அம்மா வாட்ஸப்பில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தார். சித்திக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன், பயந்துகொண்டே இருக்கிறார். நான் சமையலறையில் நின்று கேட்டேன். "பயப்படாத. உள்ளாற கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு இருக்கும். உனக்கு அது கலங்கிப்போச்சு, அவ்வளவுதான். இரு, ஒரு தாள் எடு, பேனா எடு. எடது கண்ண மூடு…"