மறக்க விடும் நிரல்

வணக்கம். மென்பொருள் வடிவமைப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், "ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் சொன்ன கணக்கு. அதை வைத்துக்கொண்டு, மெனுவில் ஏழு வரிக்கு மேல் கூடாது என்கிறார்கள். மெனு கண்ணெதிரே இருக்கிறது. அதை யார் மனப்பாடம் செய்யப் போகிறார்கள்? மில்லர் பேசியது மனத்தில் ஒரே சமயத்தில் தங்கும் துணுக்குகளைப் பற்றி. 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அந்த எண்ணிக்கையையும் ஏறக்குறைய நாலுக்கு இறக்கிவிட்டார்.

நம் நிரலோ லட்சம் வரி. சரி, துண்டு துண்டாக வெட்டிவிடலாம் என்போம். எப்படி வெட்டுவது?

1972-இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஒரு வரியின் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். "நேற்று மழை பெய்தது" என்பது "மழை பெய்தது நேற்று" ஆகும். பிறகு "பெய்தது நேற்று மழை". இப்படி எல்லா வரிகளையும் சுழற்றி அகரவரிசையில் அச்சிட வேண்டும். நல்ல நிரலர் ஓரிரு வாரத்தில் முடித்துவிடுவார்.

முதல் வழி, வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டுவது: உள்ளீடு, சுழற்சி, அடுக்கல், அச்சு. பார்க்க அழகுதான். ஆனால் எழுத்துகள் நினைவகத்தில் எப்படி அடைக்கப்பட்டிருக்கின்றன என்பது அத்தனை துண்டுக்கும் தெரிந்தாக வேண்டும். அதை மாற்றினால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். இரண்டாவது வழியில், வரிகளைச் சேமிக்கும் விதம் ஒரே ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும். மற்றவை "இந்த வரியில் இந்தச் சொல்லைக் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். அடைப்பு முறையை அவை மறந்தே போகலாம். இரண்டு வழியிலும் துண்டுகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. தலையில் ஏறும் சுமைதான் வேறு.

இன்று மைக்ரோசர்வீஸ் என்று, தனித்தனியே ஓடும் நாற்பது குட்டி நிரல்களாகப் பிரித்துவிடுகிறார்கள்; ஆனால் நாற்பதும் ஒரே டேட்டாபேஸ் டேபிளைப் படிக்கின்றன. அந்த டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற எல்லா டீமையும் கூப்பிட வேண்டியிருக்கிறது! இதற்குப் பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் துண்டுகளுக்கு நடுவே எழுப்பும் எந்தச் சுவராலும் மறைக்க முடியாது: தாமதம். அடுத்த சர்வீஸ் மெதுவானால் நம்முடையதும் மெதுவாகும். எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் இன்டர்ஃபேஸிலேயே, அதாவது ஒரு துண்டிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்று சொல்லும் இடத்திலேயே, எழுதிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது யாருக்கும் அது நினைவிருக்காது.