பிராசஸர் 98 டிகிரி காட்டுகிறது: மாற்ற வேண்டுமா?

வணக்கம். இன்றைய கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. வாசிக்கிறேன்.

"அண்ணா, இன்டெல் ஐ5-10400 பிராசஸர் போட்ட டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பெட்டியோடு வந்த கூலர்தான் இன்றும் இருக்கிறது. சும்மா இருக்கும்போதே 58 டிகிரி காட்டுகிறது. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தால் 98, 100 என்று ஏறி, வேலை மெதுவாகிவிடுகிறது. கடையில் காட்டினேன். பிராசஸர் போய்விட்டது, மதர்போர்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

வேண்டாம் தம்பி. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். ஐ5-10400 தாங்கும் உச்ச வெப்பநிலை 100 டிகிரி. அதை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும். எக்ஸ்போர்ட் மெதுவாகிறது என்றீர்களே, அந்தப் பாதுகாப்பு சரியாக வேலை செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். வேகத்தைக் குறைத்துக்கொண்டாவது வீடியோவை முடித்துத் தருகிற பிராசஸரைப் பழுது என்று சொல்வது நியாயமே இல்லை. கூலரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் மதர்போர்டு வரைக்கும் மாற்றச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சம்பாதிக்கிற கருவி அல்லவா அது?

98 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் காரணம் சொல்ல முடியாது. அந்த எண் எவ்வளவு நேரத்தில் ஏறியது, வேலையை நிறுத்தியதும் எப்படி இறங்கியது, இந்த இரண்டையும் பார்த்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இதற்குக் காசு செலவில்லை.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். பிராசஸரின் வெப்பநிலை, அது எடுக்கும் வாட், மின்விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, சூட்டினால் வேகம் குறைக்கப்பட்டதா இல்லையா, எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற அமைப்புப் பக்கத்தில், போய்ப் பார்க்கிற வெப்பநிலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். விண்டோஸ் ஓடும்போது கிடைக்கிற மின்சிக்கனம் அங்கே முழுமையாக இயங்காது என்பதால் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

கூடவே அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க முடியாது. மார்கழியில் 70 டிகிரியில் ஓடிய அதே கணினி, அதே வேலைக்குச் சித்திரையில் 82, 83 காட்டினால் அது கோளாறு இல்லை, வெயில்தான்.

இப்போது சோதனை. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் கணினியைச் சும்மா விடுங்கள். கூடவே வருகிற கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கும்போது அறையைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். உங்கள் அறை 35 டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும் 50க்குள் இருக்க வேண்டும். 58 என்பது அதிகம். டாஸ்க் மேனேஜரில் ஏதாவது ஒன்று பின்னணியில் பிராசஸரை 20, 30 சதவீதம் தின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கிருந்தோ இறக்கிய மென்பொருளோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிற கில்லாடி நிரல்களும் உண்டு. அதனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வாட் எண்ணையும் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது அது 40, 50 என்று நின்றால் யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். அது பத்து நிமிடம் விடாமல் பிராசஸரின் எல்லா கோர்களுக்கும் வேலை கொடுக்கும். ஸ்டார்ட் அழுத்தியதும் கண்ணை வெப்பநிலை எண்ணிலேயே வையுங்கள். முதல் ஐந்து வினாடிதான் முக்கியம்.

45இல் இருந்த எண் இரண்டு மூன்று வினாடிக்குள் 95ஐத் தொட்டு, நிறுத்தியதும் அதே வேகத்தில் சடாரென்று கீழே விழுந்தால், பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே தொடர்பு சரியில்லை. சூடு பிராசஸருக்குள்ளேயே நின்றுவிடுகிறது, உலோகத்துக்குப் போகவே இல்லை. இதை விரலாலேயே உறுதி செய்யலாம். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, மின்விசிறி இறக்கையில் படாமல், கூலரின் அலுமினியத் தகடுகளின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். திரையில் 95, ஆனால் விரலில் வெதுவெதுப்புக்கூட இல்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

அப்படி இல்லாமல் எண் 70, 75, 80 என்று நிதானமாக ஏறி, ஐந்தாறு நிமிடம் கழித்து 95க்கு வந்து, நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால் தொடர்பு நன்றாக இருக்கிறது. தகடுகளும் கொதிக்கும். உலோகம் வாங்கிய சூட்டை எடுத்துப்போகக் காற்றுதான் இல்லை. தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கலாம், அல்லது கேபினெட்டுக்குள் அதே சூடான காற்று சுற்றிச் சுற்றி வரலாம். கதவைத் திறந்து வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். எட்டு, பத்து டிகிரி குறைந்தால் குற்றவாளி கேபினெட்தான். மேசைக்குக் கீழே மரப்பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் கணினியைச் செருகி வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். கேபினெட் மின்விசிறிகளும் சரியான பக்கம் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். பிளாஸ்டிக் சட்டம் தெரிகிற பக்கம்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போதே 58 என்பதால், பின்னணியில் எதுவும் ஓடவில்லையென்றால் எனக்குத் தொடர்பின் மீதுதான் சந்தேகம். அந்த இன்டெல் கூலர் நான்கு பிளாஸ்டிக் கால்களில் நிற்கிறது. வீடு மாற்றும்போதோ சுத்தம் செய்யும்போதோ ஒரு கால் சற்றே மேலே எழும்பினாலும் போதும், ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிற கால் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

எப்படியும் நான்கு வருடம் ஆன தெர்மல் பேஸ்டை, அதாவது பிராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்த நடுவே தடவுகிற பசையை, மாற்றிவிடுவது நல்லது. மின்விசிறியின் வயரைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு காலின் தலையையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளபளப்பாகத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானே பரவும். தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். சத்தத்தோடு விட்டுவிடாதீர்கள். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, நான்கு கால்களும் முழுமையாக வெளியே வந்து விரிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மின்விசிறி வயரை சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்திலேயே மறுபடி செருகுங்கள்.

தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு, கூலரைத் தூக்கும்போது பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடலாம். சிறிது நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகியபடி எடுங்கள். ஏஎம்டியின் புதிய பிராசஸர்களில் ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவை கனமான வேலையில் 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் 90ஐத் தாண்டினால் வாட் எண்ணுக்கு வாருங்கள். ஐ5-10400 பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இன்டெல் கணக்குப்படி வேலை தொடங்கியதும் 28 வினாடி வரை 134 வாட் எடுக்கலாம், பிறகு 65க்கு இறங்க வேண்டும். வெப்பநிலை அரை நிமிடம் 85, 90 டிகிரி காட்டிவிட்டு 70 டிகிரிக்கு வந்தால் அது இயல்பு. சில மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தளர்த்திவிடுகின்றன. அப்போது வாட் இறங்கவே இறங்காது, அந்தச் சின்ன அலுமினியக் கூலரும் திணறும். பயாஸில் நீண்டநேர மின்வரம்பை 65 என்று எழுதிச் சேமியுங்கள். எக்ஸ்போர்ட் சற்று நீளும், சூடு கட்டுக்குள் நிற்கும். அந்த நேரமும் முக்கியம் என்றால் எல்ஜிஏ 1200 சாக்கெட்டுக்குப் பொருந்தும் ஒரு டவர் கூலர் வாங்குங்கள். வாங்கும் முன் அதன் உயரம் உங்கள் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

முதலில் சோதனையை ஓட்டிவிட்டு, அறை வெப்பநிலை, ஐந்தாவது வினாடியில் காட்டிய எண், பத்தாவது நிமிடத்தில் காட்டிய எண், அப்போது எடுத்த வாட், இந்த நான்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பகுதியில் உங்கள் எண்களை வைத்தே பேசுகிறேன்.