தாப்பாவ் அண்ணன் பேசுறேன்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், கோயில் தலைவர், கமிட்டி, மைக் செட் தம்பி எல்லாருக்கும் சேத்து ஒரே வணக்கம். எனக்குக் குடுத்தது ஏழு நிமிஷம், ஒவ்வொருத்தருக்கா கும்பிடு போட்டா வீட்டுக்குத்தான் போகணும்.

தலைப்பு என்ன? லீவுக்கு ஊர் சுத்தப் போறவங்க மனசுல நிக்கிறது பாத்த இடமா, கலந்துகிட்ட திருவிழாவா? நான் திருவிழா பக்கம். ஏன் திருவிழா? கமிட்டில சீட்டு குலுக்கிப் போட்டாங்க, எனக்கு அது வந்துச்சு. இடம்னு வந்திருந்தா அதுக்கும் பேசியிருப்பேன், அது வேற விஷயம்.

எனக்கு முன்னால பேசுன டீச்சர் தங்கச்சி பத்துமலை, கெல்லி கோட்டை, கேமரன்மலை, ரெட்டைக் கோபுரம்னு ஒரு டூரிஸ்ட் பஸ்ஸே ஓட்டிட்டாங்க. நல்லா பேசுனாங்க, இல்லன்னு சொல்லல. அதோட நிறுத்தியிருக்கலாம். போற போக்குல ஒரு குத்து விட்டாங்க பாருங்க, "திருவிழாவுக்குப் போறவங்க எங்க ஊர் பாக்கப் போறாங்க, சோறு பாக்கத்தான் போறாங்க, இதோ இந்த அண்ணன் வருஷா வருஷம் நம்ம கோயில் திருவிழாவுல கையில ரெண்டு தாப்பாவ் சோத்துப் பொட்டலத்தோட வெளிய போறத என் கண்ணால பாத்திருக்கேன்"னு. நீங்கல்லாம் கைத்தட்டுனீங்க. என் பொண்டாட்டி முன் வரிசைல உக்காந்திருக்கா, அவதான் எல்லாரையும் விட பலமா தட்டுனா.

பாத்தது உண்மைதான் தங்கச்சி. ரெண்டு பொட்டலம். அது யாருக்குன்னு கடைசில சொல்றேன், இப்ப சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க.

ஆனா ஒண்ணு கேக்குறேன், சோறு பாக்கப் போறது தப்பா? பினாங்குக்குப் போறவன் என்ன பண்றான்? கொடிமலை ரயில் 1923லருந்து ஓடுது, அதுல ஏறி மேல போறான், பத்து நிமிஷம் நிக்கிறான், "ஆ நல்லாருக்கு"ங்குறான், எறங்கி வந்து ஒன்ற மணி நேரம் நாசி கண்டார் சோத்துக்கடை க்யூவுல நிக்கிறான். வீட்டுக்கு வந்து எதப் பத்திப் பேசுறான்? மலையப் பத்தியா, கொழம்பப் பத்தியா? டீச்சரே போன ஸ்கூல் லீவுல போட்ட ஸ்டேட்டஸ் எல்லாம் நான் பாத்தேன், பதினாலு போட்டோ, பதினொண்ணு தட்டு. இதுல நான் தாப்பாவ் அண்ணனாம்!

சரி, பத்துமலைக்கு வருவோம். முருகன் செலை 140 அடி, அதப் பாக்கத்தான் ஒலகமே வருதுன்னாங்க. அந்த செல வந்தது 2006ல. தைப்பூசம் அங்க 1892லருந்து நடக்குது. அப்ப 114 வருஷமா கூட்டம் எதப் பாக்க வந்துச்சு? காவடியப் பாக்க வந்துச்சு, காவடி எடுக்க வந்துச்சு. அந்த 272 படிக்குக் கலர் அடிச்சது 2018ல, அதுக்கப்புறம் பாதி பேரு படியில நின்னு செல்ஃபி எடுத்துட்டு சாமியப் பாக்காமலே எறங்கிடுறான். அது படி பாக்க வந்த கூட்டம், அத உங்க கணக்குல வச்சிக்கங்க.

கெல்லி கோட்டை. பத்து காஜா பக்கம் கெல்லி ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்டக்காரரு கட்ட ஆரம்பிச்சாரு, 1926ல லிஸ்பன்ல செத்துப் போனாரு, வீடு பாதில நின்னுச்சு. இன்னைக்கும் பாதிதான். ஆனா பக்கத்துலயே மாரியம்மன் கோயில் ஒண்ணு இருக்கு, வேலைக்காரங்க நோயில விழுந்தப்ப அவங்க கேட்டு அவரு கட்டிக் குடுத்ததுன்னு சொல்வாங்க, மேல சாமிங்களோட சாமியா தொப்பி போட்ட வெள்ளக்காரர் ஒருத்தர் நிப்பாரு, அவருதான்னு காட்டுவாங்க. கோட்டைல டிக்கெட்டு வாங்கணும். இங்க விளக்கு எரியுது.

இப்ப என் கதை. நான் வேன் ஓட்டுறவன், டூரிஸ்ட்டுங்கள ஏத்திட்டுப் போறதுதான் பொழப்பு. ஒரு தடவ நெதர்லாந்துலருந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, கோலாலம்பூர்லருந்து நம்ம கோலசிலாங்கூருக்குக் கூட்டிட்டு வர்றேன். சாயங்காலம் புக்கிட் மெலாவத்தி குன்று, அங்க வெள்ளி முடி கொரங்கு இருக்குல்ல, அது சாது, குட்டி ஆரஞ்சு கலர்ல இருக்கும், அம்மா மடியில ஒட்டிட்டு இருக்கும், அதப் பாத்து அந்தம்மா உருகிப் போய் நிக்குது, பின்னால இன்னொரு ஜாதி வால் நீண்ட கொரங்கு, அது சாது இல்ல, பையோட பிஸ்கட்டத் தூக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு. சரி, ராத்திரி மின்மினி பாப்போம்னு கம்போங் குவாந்தான் போனா, ஆத்தோரம் பெரெம்பாங் மரத்துல ஆயிரக்கணக்குல மின்மினி ஒரே நேரத்துல எரிஞ்சு ஒரே நேரத்துல அணையும், தீவாளி சீரியல் பல்பு மாதிரி, இஞ்சின் இல்லாத துடுப்புப் படகுல இருட்டுல போய்ப் பாக்கணும், அதுக்காக அந்த மனுசன் பத்தாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கான், கொட்டுச்சு பாருங்க மழை! படகு கெடையாது. எனக்குன்னா காசத் திருப்பிக் கேப்பானோன்னு வயிறு கலக்குது.

திரும்பி வர்றோம், மழை விட்டுடுச்சு, தோட்டத்துப் பாதைல ரோட்டை அடைச்சுட்டு ரதம். பின்னால ஜெனரேட்டர டிராக்டர் இழுத்துட்டு வருது. மாரியம்மன் திருவிழா. வேன் நகரல. வெள்ளக்காரன் கதவத் தொறந்து எறங்கிட்டான். நான் கத்துறேன், சார், சார்னு. எங்க கேக்குறான். கோயில் பின்னால அன்னதானம் நடக்குது, ஒரு பாட்டி இவனப் பாத்துச்சு, மேல கீழ பாத்துச்சு, "நல்லா ஒசரமா இருக்கான், வாளியப் புடிடா"ன்னு சாம்பார் வாளியக் கையில குடுத்துடுச்சு!

அவன் கேக்குறான், என்ன சொல்லணும்னு. பாட்டி சொன்னிச்சு, "போதுமா"ன்னு கேளு. அவன் என்னா நெனச்சிக்கிட்டான்னா, போதுமான்னா "எடுத்துக்கங்க"ன்னு அர்த்தம்னு. "போதுமா" ஒரு கரண்டி. அந்தாளு "போதும் போதும்"ங்குறாரு. இவன் நம்மள மாதிரியே சொல்றாரேன்னு சந்தோசத்துல "போதும்மா!" இன்னொரு கரண்டி. எலைல சோறே தெரியல நடுவர் ஐயா, சாம்பார் கொளம், அப்பளம் படகு மாதிரி மெதக்குது! கம்போங் குவாந்தான்ல கெடைக்காத படகு அங்க கெடைச்சிடுச்சு. அந்தம்மா வேப்பெலைய தலைல செருகிட்டு பசங்களோட கும்மி அடிக்குது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்.

போன தீவாளிக்கு வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துச்சு. அவன் வீட்டு டைனிங் மேசை, சொந்தக்காரங்கல்லாம் உக்காந்திருக்காங்க, இவன் சூப்பு சட்டியோட வர்றான். "போதுமா?" மாமியார் தலைய ஆட்டுது, வேணாம்னு. இவன் ஊத்துறான். டீச்சர், அந்த ஆளு ரெட்டைக் கோபுரம் 88 மாடியும் அண்ணாந்து பாத்துட்டுப் போனவன், இன்னைக்கு வரைக்கும் அதப் பத்தி ஒரு மெசேஜ் போட்டதில்ல.

தலைப்பு எங்க போச்சுன்னு நடுவர் பாக்குறாரு. வர்றேன் வர்றேன்.

டூரிஸ்ட்டு வெள்ளக்காரன் மட்டுந்தானா? நம்ம தோட்டம் வித்தப்ப லயம், அதான் தோட்டத்து வரிசை வீடு, அத ஒடைச்சாங்க, கோயில மட்டும் விட்டாங்க. ஜனம் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர், சிங்கப்பூர்னு போச்சு. இன்னைக்கு இந்த மண்டபத்துல உக்காந்திருக்கவங்கள்ல பாதி பேரு லீவு போட்டு வந்தவங்க. லயம் இருந்த எடத்துல இப்ப கேட்டு போட்ட தாமான், புது வீட்டுக் குடியிருப்பு.

எங்கம்மா பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவங்க. ஒரு வருஷம் திருவிழாவுக்குக் கூட்டிட்டு வந்தேன், ரதம் கெளம்புறதுக்குள்ள ஆளக் காணோம். தேடுறேன். கோயில் அரசமரத்துலருந்து அவங்க நடந்து போயிருக்காங்க, நாலாவது லயம், ஒம்பதாவது கதவு, மனசுல எண்ணிக்கிட்டே. தாமான் கேட்டுல ஜாகா, அதான் காவக்காரன், நிறுத்திட்டான், நேப்பாளிப் பையன். "மாச்சிக், சாரி சியாப்பா?" யாரத் தேடுறீங்கன்னு கேக்குறான். எங்கம்மா, "ரூமா சாயா"ங்குறாங்க. என் வீடு. அவனுக்கு என்ன புரிஞ்சிச்சோ, கம்பியத் தூக்கிட்டான். உள்ள யாரு வீட்டு கார் போர்ச்சோ, அதுக்கு முன்னால தரையப் பாத்துட்டு நிக்கிறாங்க. நான் போய் கையப் புடிச்சேன். "இங்கதாண்டா அடுப்பு இருந்துச்சு"ன்னாங்க.

அன்னிக்கு அன்னதானத்துல உக்காந்தாங்க, சாப்புடல. எலையோட மடிச்சாங்க, பேப்பர்ல கட்டுனாங்க, நேரா அந்த கேட்டுக்குப் போயி பையன் கையில குடுத்தாங்க. அவன் ரெண்டு கையாலயும் வாங்குனான்.

அம்மா இப்ப இல்ல. ஜாகாவும் மாறிட்டான், இப்ப வேற யாரோ. ஆனா வருஷா வருஷம் ஒரு பொட்டலம் அந்த கேட்டுக்குப் போகுது, டீச்சர் பாத்தது அதத்தான். ரெண்டாவது பொட்டலம்... மணி அடிச்சிட்டீங்களா? சரி, ரெண்டாவது எனக்குத்தான், கோயில் வாசல்ல நின்னு பொய் சொல்ல மாட்டேன்.