ஆறு நாளில் ஆறு இடம் வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அந்தமானுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு நிறைவு தருவது பல தீவுகளைப் பார்ப்பதா, சில தீவுகளில் தங்குவதா? இதுதான் இன்றைய தலைப்பு. சில தீவுகளில் தங்குவதே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை தன் பயணத்திட்டத்தையே இங்கே வாசித்துக் காட்டினார். வருகிற ஜனவரியில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியாரோடு போகிறார். முதல் நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பேயும். மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவு. நான்காம் நாள் நீல் தீவைப் பார்த்துவிட்டு மாலையே போர்ட் பிளேர். ஐந்தாம் நாள் பாராடங் தீவு. ஆறாம் நாள் விமானம். "எங்களைப் போன்ற குடும்பம் ஒருமுறை போவதே பெரிது. மறுபடி எப்போது வாய்க்குமோ? போன இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதே வார்த்தைகளைச் சொன்னவள் நான். இதே திட்டத்தைத்தான் ஒரு சுற்றுலா முகவர் எனக்கும் போட்டுக்கொடுத்தார். அப்பா, அம்மா, கணவர், எட்டு வயது மகள் என்று ஐந்து பேர் போனோம்.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசி. ஹேவ்லாக்கில் இறங்கி, அறையில் பெட்டியை வைத்து, சாப்பிட்டு, வண்டி பிடித்து ராதாநகர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம் அது. மகள் தண்ணீரில் கால் வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், சூரியன் இறங்கிவிட்டது. உயிர்காப்பாளர்கள் விசில் ஊதி எல்லோரையும் கரையேறச் சொன்னார்கள். அந்தமான் நம்மைவிட வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். அதனால் நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஜனவரியில் ஐந்தரை மணிக்குள் மறைந்துவிடும். சென்னைக் கணக்கில் "சாயங்காலம் கடற்கரை" என்று எழுதினால் அந்த வரி அங்கே இருட்டில் போய் முடியும். காலையில் ஐந்தரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அந்தக் காலையை அனுபவிக்க அந்தத் தீவிலேயே தூங்கி எழ வேண்டும். நாங்களும் தூங்கி எழுந்தோம். ஆனால் எழுந்ததும் பெட்டி கட்டினோம், நீல் தீவுக்குப் படகு.

நீல் தீவில் இயற்கையாக அமைந்த ஒரு பாறைப் பாலம் உண்டு. ஹவுரா பாலம் என்றும் சொல்வார்கள். அதனடியில் நடந்துபோக வேண்டுமானால் கடல் வற்றியிருக்க வேண்டும். நாங்கள் போன நேரத்தில் நீர் ஏறியிருந்தது. தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இதில் முகவர் எழுதிய அட்டவணைக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒரு தீவில் ஒரு முழுப் பகலும் ஒரு காலையும் இருந்தால், பகல் வெளிச்சத்தில் ஒரு வற்றமாவது நிச்சயம் கிடைக்கும். நான்கு மணி நேரம் மட்டும் இருப்பவருக்குக் கடல் கருணை காட்டினால்தான் உண்டு.

அன்றைக்கே போர்ட் பிளேர் திரும்பும் படகில் அம்மாவுக்கு வாந்தி. கடல் கொஞ்சம் கலங்கியிருந்தது. அந்த அதிவேகப் படகுகள் நாலா பக்கமும் கண்ணாடி அடைத்த குளிர்சாதன அறை மாதிரி இருக்கும். தலைசுற்றல் வந்தால் எழுந்து போய்க் காற்று வாங்க எல்லாப் படகிலும் இடம் இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து, விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவை எழுப்பினோம், பாராடங் போவதற்காக. அந்த வண்டியில் அப்பா என்னிடம் கேட்டார், "இப்ப நாம எந்தத் தீவுல இருக்கோம்மா?" அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. என் அப்பா வாழ்நாளில் முதல் முறை விமானம் ஏறி, கடல் கடந்து வந்திருக்கிறார். வந்த ஊரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நேரம் கொடுக்கவில்லை.

எதிரணியினர் படகு நேரத்தை மட்டும் கணக்குப் போட்டார்கள். "போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து நீல் ஒரு மணி நேரம்கூட இல்லை, இதில் என்ன களைப்பு?" என்றார் ஓர் அண்ணன். அண்ணா, படகு ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் அறையைக் காலி செய்து, வண்டி பிடித்து, ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுகம் போய், பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுத்து, வரிசையில் நிற்க வேண்டும். இறங்கியபின் மறுபடி பெட்டி, மறுபடி வண்டி, மறுபடி அறை. ஒவ்வொரு தீவு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடுகிறது. தனியார் படகில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு மாற்றம் குறைந்தால், அந்தப் பணத்தில் இன்னொரு இரவுக்கான அறை வாடகையின் பெரும்பகுதி வந்துவிடும்.

சரி, பாராடங்குக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அங்கே சுண்ணாம்புக் குகை இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும் வழி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டை ஊடுருவிப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசைகட்டி நிறுத்தி, காவலோடு, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். சில நூறு பேரே உள்ள மக்கள் அவர்கள். 1990களின் பிற்பகுதியில்தான் வெளியாரோடு பகையில்லாமல் பழகத் தொடங்கினார்கள். அதன் பிறகு வெகு சீக்கிரமே அவர்களுக்குள் தட்டம்மை பரவியது. காப்புக்காட்டுக்குள் போகும் அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. இருந்தும் என் வண்டியில் இருந்தவர்கள் கண்ணாடியில் முகம் ஒட்டி "தெரியுதா, தெரியுதா" என்று தேடிக்கொண்டு வந்தார்கள். என் மகளும் தேடினாள். மனிதர்களைத் தேடிப் பார்ப்பதற்கு அவளை நான் அழைத்துக்கொண்டு வரவில்லை. பட்டியலில் இன்னொரு தீவு சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாளை வைத்திருந்தேன். எனக்கு அது வருத்தம், இன்றைக்கும்.

அடுத்து, கடல் மனம் மாறினால் என்ன ஆகும்? 2016 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தது 12ஆம் தேதி. அதற்குச் சில நாள் முன்பு அதே புயற்சின்னம் அந்தமானில் இருந்தது. படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்களே அலை தணியும்வரை காத்திருந்துதான் அவர்களை ஏற்றிவந்தன. அவ்வளவு பெரிய புயல் எல்லா வருடமும் வராது. ஒரு நாள் காற்றுக்கே படகு ரத்தாவது உண்டு. நாளுக்கு ஒரு தீவு என்று கட்டிய திட்டத்தில் ஒரு படகு ரத்தானால், அடுத்த அறை, அடுத்த படகு, விமானம் என்று எல்லாம் சரியும். ஒரே தீவில் மூன்று நாள் இருப்பவருக்கு ஒரு நாள் மழை என்றால் மீதி இரண்டு நாள் கையில் இருக்கிறது.

ஸ்கூபா செய்ய, அதாவது காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்க, ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று. ஆழத்தில் அழுத்தக் காற்றை மூச்சிழுக்கும்போது உடம்பில் நைட்ரஜன் சேர்கிறது. அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும், அதற்குள் விமானம் ஏறினால் ஆபத்து. ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. கடைசி நாளில் திணித்துச் செய்யக்கூடிய காரியம் இல்லை அது.

"மூன்று நாள் ஒரே தீவில் என்னதான் செய்வது?" என்று அந்த அண்ணன் கேட்டார். நான்கு வருடத்துக்குப் பிறகு, பிப்ரவரியில், மறுபடி போனோம். முதல் முறை பட்ட ஏமாற்றம்தான் சீட்டுக் கட்டி அந்தப் பணத்தைச் சேர்க்க வைத்தது. ஏழு இரவு. ஹேவ்லாக்கில் மூன்று, நீலில் இரண்டு, போக வர போர்ட் பிளேரில் ஒவ்வொன்று. இத்தனை தீவுகள் இருக்கும் இடத்தில், போர்ட் பிளேரைத் தவிர, இரண்டே இரண்டு. நீல் தீவு காய்கறி விளையும் தீவு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் அங்கே வயல் வைத்திருக்கின்றன. அம்மா முதல் நாள் மாலை சந்தைக்குப் போய், வங்காளம் மட்டும் தெரிந்த ஓர் அக்காவிடம் கை ஜாடையிலேயே கீரையின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த அக்கா அம்மாவைக் கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அன்று காலை கடல் வற்றும் நேரத்தை விடுதித் தம்பியிடம் கேட்டுக்கொண்டு அப்பாவைப் பாலத்துக்கு அழைத்துப்போனோம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி கிடந்தது, நண்டு ஓடியது. அப்பா ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தார். இரண்டு மணி நேரம். நீர் ஏறத் தொடங்கியபோதுதான் வந்தார்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்று அவர் எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர். முதல் பயணத்தில் அவரையே நான் அகல உழ வைத்தேன்.

மறுபடி வாய்க்காது என்பதுதான் எதிரணியின் பெரிய வாதம். வாய்க்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒரே வாய்ப்பில் பாதியைப் படகுத் துறையிலும் வண்டியிலும் கழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டார்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். தங்கச்சி, உங்கள் ஆறு நாளை நீட்ட வேண்டாம். நார்த் பேயையும் பாராடங்கையும் மட்டும் அடித்துவிடுங்கள். ராஸ் தீவு போர்ட் பிளேருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முதல் நாளில் நேரம் இருந்தால் பாருங்கள். இரண்டாம் நாள் காலையே ஹேவ்லாக் போய் இரண்டு இரவு இருங்கள். நான்காம் நாள் நீல், அங்கேயே தூங்குங்கள். ஐந்தாம் நாள் மாலைப் படகில் போர்ட் பிளேர் வந்துவிட்டால் ஆறாம் நாள் விமானத்துக்குப் பதற்றம் இல்லை. படகுச் சீட்டில் ஹேவ்லாக்கை சுவராஜ் தீவு என்றும் நீலை ஷாஹீத் தீவு என்றும் போட்டிருப்பார்கள். 2018இல் மாற்றிய பெயர்கள், குழம்ப வேண்டாம். போர்ட் பிளேருக்கும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் படகு ஏறும் முன் போட வாந்தி மாத்திரை, மருத்துவரைக் கேட்டு வாங்கி வையுங்கள். மாமனாருக்கு, பாறையில் வழுக்காத செருப்பு ஒரு ஜோடி.

நன்றி, வணக்கம்.