ஜப்பானில் மறதிப் பரீட்சை கொடுமையா? ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஜப்பானில் 75 வயது தாண்டியவர்களுக்கு மறதிப் பரீட்சை வைத்து, தேறாவிட்டால் டிரைவிங் லைசென்ஸைப் பிடுங்கிவிடுகிறார்களாமே? பெரியவர்களை இப்படி அவமானப்படுத்துவது கொடுமை இல்லையா? நீங்கள் அங்கே கிராமத்தில் இருப்பவர், சொல்லுங்கள்."

முதலில் பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன் அம்மா. 2009-இல் வந்தது. 75 வயதுக்கு மேல் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம், அதாவது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, எழுத வேண்டும். 16 படங்கள் காட்டுவார்கள். நடுவில் ஒரு தாளில் சில எண்களை மட்டும் தேடி அடிக்கச் சொல்லி மனதைத் திருப்புவார்கள். பிறகு என்னென்ன படம் பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும். இன்று என்ன தேதி, என்ன கிழமை, இப்போது மணி எத்தனை இருக்கும், இவையும் உண்டு. நூற்றுக்கு 36-க்குக் கீழே போனாலும் அப்போதே லைசென்ஸ் போய்விடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். 2017-லிருந்து அது கட்டாயம். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று அவர் உறுதி செய்த பிறகுதான் ரத்து, அல்லது நிறுத்திவைப்பு. அதனால் 'பிடுங்குகிறார்கள்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படி ஒரு பரீட்சை தேவையா என்றால், தேவைதான். 2019 ஏப்ரல் 19, டோக்கியோவில் இகெபுகுரோ என்ற இடம். 87 வயதுக்காரர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே போனார். சைக்கிளில் போன இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். நாடே உலுக்கிப்போனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் லைசென்ஸைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையை நினைத்தால் இந்தப் பரீட்சையைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பரீட்சை எதைச் சோதிக்கிறது? மறதி வேறு, கவனம் வேறு. இதை எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன் என்று வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஷிமானே மாகாணத்தில், கோனோகாவா ஆற்றங்கரையில். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 83 வயது. நெல்லும் பெர்சிமன் பழ மரங்களும் வைத்திருக்கிறார். ஒரு வெள்ளை 'கெய்' டிரக், 660 சிசி குட்டி லாரி, அதுதான் அவருக்கு மாட்டுவண்டி, மூட்டை வண்டி, எல்லாம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பெர்சிமன் தோல் சீவிக்கொண்டே அவரைக் கேள்வி கேட்பார். இவர் ஒப்பிப்பார்: "பீரங்கி, ஆர்கன், காது, ரேடியோ... பொறிவண்டு, சிங்கம், மூங்கில் குருத்து, வாணலி..." எந்தெந்தப் படம் வரலாம் என்று நாலு தொகுப்புகளைப் போலீஸ் துறையே வெளியிட்டிருக்கிறது. பயிற்சிப் புத்தகம் கடையில் கிடைக்கும். தாத்தா நன்றாகத் தேறிவிட்டார். வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு கட்டு முள்ளங்கி கொடுத்தார், சந்தோஷத்தில்.

அதே மாதம் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். சந்திலிருந்து ஆற்றோரச் சாலையில் ஏறும் இடம். வண்டியை நிறுத்தினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். இடதில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் வருகிறான், மஞ்சள் ஹெல்மெட். தாத்தாவின் கண் அவன் மேல்தான் இருந்தது. அப்படியே வண்டியை எடுத்தார். நான் கத்திய கத்தலில் பிரேக் விழுந்தது. பையன் போய்விட்டான். தாத்தா முகம் வெளுத்துப்போய்க் கேட்டார், "எங்கிருந்து வந்தான்?" பதினாறு படமும் மனப்பாடம், கண்ணெதிரே வந்த பையன் மனதில் பதியவில்லை. 2022-லிருந்து வண்டியை ஓட்டிக் காட்டும் பரீட்சையும் உண்டு. ஆனால் அது முந்தைய மூன்று வருடத்தில் குறிப்பிட்ட விதிமீறல்களில் மாட்டியவர்களுக்கு மட்டும். தாத்தா ஒருநாளும் மாட்டியதில்லை. ஓட்டிக் காட்டுவதை எல்லாருக்கும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மறதி வேறு, கவனம் வேறு.

அடுத்த வாரம் அவரே போய் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார். பலரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். சகோதரி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்?

எங்கள் ஆற்றோரமாக ஒரு ரயில் ஓடியது. சான்கோ லைன், 108 கிலோமீட்டர். 2018 மார்ச் 31-ஆம் தேதி கடைசி வண்டி போனது. ஆள் ஏறவில்லை என்று மூடினார்கள். ஆளெல்லாம் காருக்குப் போய்விட்டார்கள். இப்போது காரும் வேண்டாம் என்றால்? நம் கிராமத்தில் யாராவது பைக்கை நிறுத்தி "ஏறிக்கோங்க பெரியவரே" என்பார்கள். இங்கே எல்லா வீட்டிலும் பெரியவர்கள்தான். யாரை யார் ஏற்றிப்போவது? சொந்தக் காரில் காசு வாங்கி ஆள் ஏற்றவும் பொதுவாக அனுமதி இல்லை. கியோட்டோ மாகாணத்தின் வடக்கே கியோதாங்கோவில் 2016-லிருந்து விதிவிலக்கு வாங்கி, ஊர்க்காரர்களே தங்கள் காரில் ஏற்றிப்போகிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகளுக்காக வேறொருவர் தம் போனில் வண்டியைக் கூப்பிட்டுத் தரும் ஏற்பாடும் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது. ஃபுகுய் மாகாணத்தின் எய்ஹெய்ஜியில் 2023-லிருந்து டிரைவர் இல்லாத வண்டியும் உண்டு. பழைய ரயில் தடத்தில் 2 கிலோமீட்டர், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். நல்லதுதான், ஆனால் எங்கள் மலைக்கு அது வந்துசேர வெகுநாள் ஆகும்.

ஒரு ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். 2017-இல் விதியைக் கடுமையாக்கிய பிறகு, 75 தாண்டியவர்கள் ஓட்டி ஏற்படும் விபத்து குறைந்தது. அதே வயதுக்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய் அடிபடுவது கூடியது. வண்டி போனதால் வேலை நின்றுவிடவில்லை, பாருங்கள்.

அதனால் தாத்தாவும் நானும் ஒரு தாளில் அவர் மாதத்தில் எங்கெங்கே போவார் என்று எழுதினோம். ஆஸ்பத்திரி. விவசாயக் கூட்டுறவு. முடிவெட்டும் கடை. காசு போட்டால் நெல்லைத் தீட்டித் தரும் இயந்திரம். வெந்நீர் ஊற்றுக் குளியல். அண்ணன் கல்லறை. இதில் பேருந்து போவது ஆஸ்பத்திரிக்கு மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். மற்றதை அக்கம்பக்கத்தில் பிரித்துக்கொண்டோம். நெல் மூட்டை என் பொறுப்பு. குளியலுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. முன்பு வாரம் மூன்று தடவை போனவர், இப்போது என்னைக் கேட்கக் கூச்சப்படுகிறார். புதன்கிழமைதோறும் நானே போய்க் கதவைத் தட்டுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள் அம்மா, சாவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே. சரி, அடுத்த கேள்வி திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறது.