வாய்க்குள் நிற்கும் கருத்து

நேயர்களுக்கு வணக்கம்.

"யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்கள் மட்டும் அக்கம்பக்கம் போய்வரும். கூட்டம் கலைந்து படியிறங்கும்போதுதான், "எனக்கும் அது சரியாகப் படவில்லை" என்று ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார்.

1951-இல் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று கோடுகளில் எது முதலில் காட்டிய கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்கள், முன்பே பேசிவைத்தபடி, தப்பான கோட்டையே ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியாது. அவர் முறை வருகிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஊரோடு ஒத்துப்போன தப்பான பதில். தனிமனிதச் சுதந்திரம் என்று மூச்சுக்கு மூச்சு பேசும் நாட்டிலேயே இந்தக் கதை! அறையில் இன்னொருவர் சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும், இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பிறகு பல நாடுகளில் இதையே செய்து பார்த்தார்கள். 17 நாட்டு முடிவுகளைத் தொகுத்து 1996-இல் வந்த ஆய்வு, குடும்பத்தையும் கூட்டத்தையும் முன்வைக்கும் சமூகங்களில் ஒத்துப்போவது அதிகம் என்றது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை, கல்யாணம், ஆபத்துக்கு உதவி எல்லாமே உறவுக்காரர் வழியாக வரும் இடத்தில், பெரியவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசினால் அதற்கு விலை அதிகம். வேறிடங்களில் விலை வேறு விதம்: நண்பர் வட்டம் போகும், பதவி உயர்வு நிற்கும்.

சரி, எதிர்ப்பக்கம் நிஜமாகவே அத்தனை பேர் இருக்கிறார்களா? சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த ஆய்வொன்றில், பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று மணமான இளைஞர்களில் பெரும்பாலோர் தனியாகக் கேட்டபோது சொன்னார்கள். ஆனால் 'மற்றவர்கள் அவ்வளவாக ஒப்பமாட்டார்கள்' என்றே அவர்களில் பலரும் நினைத்திருந்தார்கள். நிஜமாக எத்தனை பேர் ஒப்புகிறார்கள் என்ற உண்மைக் கணக்கை ஆய்வாளர்கள் சிலரிடம் மட்டும் சொன்னார்கள். மனைவிக்கு வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள், கணக்கைக் கேளாதவர்களில் 23 சதவீதம், கேட்டவர்களில் 32. சில மாதம் கழித்து விசாரித்தபோது, கணக்கைக் கேட்டவர்கள் வீட்டுப் பெண்களே வெளி வேலைக்கு அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.