ஒரு வேன், ஒரு நாள், ஒரே கதை

வணக்கம். நான் பார்வதிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வரலாறு படித்தவள் இல்லை, கோயில் ஆராய்ச்சி செய்கிறவளும் இல்லை. எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு வருஷம் ஒரு தடவை வேன் பிடித்து நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே சுற்றிக் காட்டுகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது, இன்னும் இறங்கவில்லை. கோயிலும் போர் நடந்த இடமும் சேர்த்து ஒரே நாளில் பார்க்க எப்படித் திட்டம் போடுவது என்று பேசச் சொன்னார்கள். அதுதான் வந்திருக்கிறேன்.

முதல் தடவை போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு இடம் சொல்ல, நான் மறுக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கன்னியாகுமரி அம்மன், சுசீந்திரம், நாகராஜா கோயில், கோட்டாறு சவேரியார் கோயில், வட்டக்கோட்டை, தக்கலை தர்கா, பத்மநாபபுரம், திருவட்டாறு, குளச்சல், மண்டைக்காடு, கடைசியில் பிள்ளைகள் சொன்ன திற்பரப்பு அருவி. மொத்தம் பதினோரு இடம். கடைக்கு லீவு விட வசதி என்று திங்கட்கிழமையாகப் பார்த்து வேன் பேசினேன். பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, திங்கட்கிழமைதான் விடுமுறை என்பது அந்த வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்று புலம்பிவிட்டுத் திருவட்டாறுக்கு ஓடினோம், மணி பன்னிரண்டு தாண்டி நடை சாத்தியாகிவிட்டது. பதினெட்டுப் பேர் காசு போட்டு ஒரே நாளில் இரண்டு பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். "மைனி, நல்ல பூட்டு, பழைய பூட்டு" என்று ஒருத்தி சொன்னது இன்றைக்கும் எங்கள் தெருவில் ஓடுகிறது.

அப்புறம் எனக்கு உறைத்தது இது. நம் ஊரில் இடங்களை எண்ணிக் கணக்குப் போடக் கூடாது, கதையைப் பிடிக்க வேண்டும். ஒரு கதையைப் பிடித்துக்கொண்டால் எந்த இடம் வேண்டும் எந்த இடம் வேண்டாம் என்று அதுவே சொல்லிவிடும். நான் பிடித்தது 1741-ஆம் வருஷத்துக் குளச்சல் போர். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கும் டச்சுக் கம்பெனிக்கும் நடந்தது. மிளகு வியாபாரம் யார் கையில் என்பதுதான் சண்டையின் வேர். அந்த ஒரு சண்டையைத் தொட்டுக்கொண்டு ஒரு பெருமாள் கோயில், ஒரு அரண்மனை, ஒரு கோட்டை, ஒரு கடற்கரை, ஒரு புனிதரின் கல்லறை எல்லாம் வந்துவிடுகின்றன. அதுவும் சுற்றி வளைக்காமல், நாகர்கோவிலில் ஏறி நாகர்கோவிலிலேயே இறங்குகிற மாதிரி.

வெள்ளன, அதாவது ஐந்து மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். நேரே திருவட்டாறு. தக்கலை, அழகியமண்டபம் வழியாகப் போனால் அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் அதே ரோட்டில் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். போருக்குப் போகுமுன் மார்த்தாண்ட வர்மா ஆதிகேசவப் பெருமாளை வணங்கிவிட்டுப் போனார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லி வருவது, அதனால்தான் இதை முதலில் வைத்தேன். ஆனால் கதை இல்லாவிட்டாலும் அந்தப் பெருமாளுக்காகவே போகலாம். இருபத்திரண்டு அடி நீளத்தில் பள்ளி கொண்டிருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். கல்லில் செதுக்கிய திருமேனி இல்லை, 16,008 சாளக்கிராமத்தைச் சேர்த்துக் கடுசர்க்கரை என்கிற கலவைப் பூச்சில் செய்தது. நம்மாழ்வார் பாடின தலம். 418 வருஷம் கழித்து 2022 ஜூலை 6-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்ததே, நம் ஜில்லாவில் அன்றைக்குப் போகாத வீடு எத்தனை? ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், அதனால் ஒரு துவர்த்து, அதாவது துண்டு, கையில் இருக்கட்டும். படி ஏற வேண்டும். முட்டு வலிக்காரர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்ச் சொன்னால் சண்டை வரும்.

காலைச் சாப்பாடு வெளியே எங்கேயாவது புட்டும் பயறும் பப்படமும். ஒன்பது மணிக்குப் பத்மநாபபுரம் வாசலில் நிற்க வேண்டும், திறக்கிற நேரம் அதுதான். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை அடைப்பு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, டிக்கெட் மட்டும் ஏன் கேரள அரசு கொடுக்கிறது? 1956 நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கொட்டாரம் மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அதனால் விடுமுறை நாட்களும் அவர்கள் கணக்குப்படிதான். நம் காலண்டரைப் பார்த்துக் கிளம்பினால் என் மாதிரி பூட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கொட்டாரத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது, ஆனால் எங்கள் கதைக்கு வேண்டியது ஒரு கட்டில். மேல் மாடியில் இருக்கிறது, பல மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்தது. டச்சு வியாபாரிகள் ராஜாவுக்குக் கொடுத்த பரிசு என்று அங்கே சொல்லுவார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். யாரோடு பீரங்கி வைத்துச் சண்டை போட்டார்களோ அவர்களே அப்புறம் கட்டில் செய்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள், 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கையும் போடுகிறார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான் போல. இன்னொன்று, நவராத்திரி சமயத்தில் போனால் கொட்டாரத்துத் தேவாரக்கட்டு கோயில் சரஸ்வதி அங்கே இருக்க மாட்டாள், திருவனந்தபுரம் போயிருப்பாள். ராஜாவின் உடைவாள் முன்னால் போக, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே புறப்படுகிற அந்த ஊர்வலத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மரப்படிகள் செங்குத்தானவை, செருப்பும் போடக் கூடாது. வயசானவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிடலாம், அந்தத் தரையின் குளிர்ச்சிக்கே வந்த காசு தீர்ந்துவிடும். கழிப்பறைக்கு எல்லாரையும் இங்கேயே போகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, பெண்கள் கூட்டமாகப் போகிற பயணம் பாதி இதில்தான் கெட்டுப்போகிறது.

பத்தரை, பதினொன்று வாக்கில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. கோயில் நடையெல்லாம் சாத்தப் போகிற நேரத்தில் கோட்டைக்குள் இருக்க வேண்டும், அதுதான் என் திட்டத்தின் சூட்சுமமே. கல்லுக்கும் கல்லறைக்கும் உச்சிக்கால பூஜை கிடையாது அல்லவா. உள்ளே கூரையில்லாத ஒரு சின்ன சர்ச் இருக்கிறது, சுவர் மட்டும் நிற்கிறது. அதற்குள்தான் டி லனோய் கல்லறை. குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள். ராஜா அவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் என்று பேர். இந்தக் கோட்டையை வலுப்படுத்தியதும் அவர் மேற்பார்வைதான், கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டையும் அப்படியே. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு 1777-இல் இங்கேயே கண்ணை மூடினார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, வழிப்போக்கனே நில் என்று லத்தீன் எழுத்து ஆரம்பிக்கிறதாம். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டா உண்டு, குழுத் தலைவியின் மாமனார், ராணுவத்தில் இருந்து வந்தவர். அந்தக் கல்லுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே முட்டிடிச்சான் பாறை. தேவசகாயம் பிள்ளை தாகத்தில் கை முட்டியால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்று நம்புகிற இடம். இங்கேதான் கதை கொஞ்சம் கனமாகிறது. தேவசகாயத்தின் பழைய பேர் நீலகண்டப் பிள்ளை, நட்டாலத்தில் பிறந்தவர், அரண்மனை உத்தியோகஸ்தர். அவர் மனம் உடைந்திருந்தபோது பைபிளில் யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் இதே டி லனோய்தான். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், அப்புறம் சிறை, சித்திரவதை, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். திருவட்டாறில் காலையில் எந்த ராஜாவின் பக்தியைப் பற்றிப் பேசினோமோ அதே ராஜாவின் ஆட்சியில்தான் இதுவும். வேனில் அப்போது பேச்சு சூடாகும், கட்டாயம் ஆகும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் ஏறின வேன் எங்களுடையது. நான் வைத்த ஒரே சட்டம், எந்த இடத்திலும் அந்த இடத்துக்காரர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு வர வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, வழக்கு வேனுக்குள் ஏறின பிறகு. வேனுக்குள் நன்றாகவே நடக்கும்.

வழியில் தக்கலை பீர் முகமது அப்பா தர்கா, கால் மணி நேரம். நம் கதையில் வராதவர்தான், ஆனால் தமிழில் ஞானப்புகழ்ச்சி பாடின பெரியவர் வாசலைத் தாண்டி எப்படிப் போவது.

சாப்பாட்டு விஷயம் இப்போது. குளச்சலுக்குப் போகிறோம், மீன் சாப்பிடாமல் வருவதா என்று ஒரு கட்சி. சாயங்காலம் மண்டைக்காட்டம்மனைக் கும்பிட வேண்டும், மத்தியானம் மீனா என்று இன்னொரு கட்சி. ஒரு வருஷம் இதற்காக இரண்டு தோழிகள் ஒரு மாசம் பேசவில்லை. அதனால் இப்போது மத்தியானத்துக்கு எல்லாரும் கட்டுச்சோறு, புளிச்சோறும் துவையலும் மட்டிப்பழமும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ராத்திரி வீட்டுக்குப் போய் அவரவர் சாமர்த்தியம்.

திங்கள்நகர் வழியாகக் குளச்சல். நேரே கடற்கரைக்குப் போய் வெற்றித் தூணைப் பாருங்கள். முதல் தடவை போகிறவர்கள் இவ்வளவுதானா என்பார்கள். ஆமாம், ஒரு கல்தூண்தான். ஐரோப்பியக் கம்பெனிப் படை ஒன்றை நம் பக்கத்து ராஜா ஒருவர் மண்டியிட வைத்த இடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. அதனால் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃபி எடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடுவார்கள். டச்சுக்காரர்கள் கரையிறங்கி அரண் அடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், அவர்களுடைய வெடிமருந்து தீப்பிடித்து அரிசி மூட்டைகளோடு எரிந்து போனதால் சரணடைய வேண்டி வந்ததையும் சொல்லலாம். கரையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்களாம், கடலில் இருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கி வைத்த படை மாதிரி தெரிந்ததாம். இது ஊர்க்கதை, ஏட்டில் இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கரையில் உட்கார்ந்து கேட்டால் நம்பத்தான் தோன்றும். ஜூலை 31-ஆம் தேதி இந்தத் தூணுக்கு ராணுவத்தார் வந்து மரியாதை செய்கிறார்கள். திருவிதாங்கூர்ப் படையின் வழி வந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியனுக்கு அது பெருமைக்குரிய நாள். பாட்டாவுக்கு இது தெரிந்திருந்தது, எங்களில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

அதே கரையில் இன்னொரு நினைவும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் சுனாமியில் போனவர்களை மொத்தமாக அடக்கம் செய்த இடங்கள். எங்கள் வேனில் வந்த ஒரு அக்காவின் தங்கை குடும்பம் அதில் உண்டு. நாங்கள் பூ வாங்கிக்கொண்டு போனோம். இதற்கு நேரம் ஒதுக்கவே இல்லை நான், அவர் கேட்ட பிறகுதான் போனோம். இப்போது திட்டத்தில் இருக்கிறது.

ஐந்து மணிக்கு மண்டைக்காடு. புற்றே அம்மனாக வளர்ந்து நிற்கிறாள், பதினைந்து அடி உயரம். தலைவலிக்காரர்கள் மண்டையப்பம் நேர்ந்துகொள்ளலாம், வேன் திட்டம் போடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். மாசிக் கொடை நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வேன் எடுக்காதீர்கள், கேரளப் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருகிற கூட்டத்தில் நகர முடியாது.

கடைசியாகக் கோட்டாறு. காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயத்தின் உடலை இந்தச் சவேரியார் கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் ஆக்கினார். கவனித்தீர்களா, திருவட்டாறு கும்பாபிஷேகமும் அதே வருஷம், இரண்டு மாசத்துக்குள். நான் வேண்டுமென்றே கோர்க்கவில்லை, அதுவாக அமைந்தது.

சுசீந்திரத்தை விட்டுவிட்டேனே என்று இப்போது யாராவது வீட்டில் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வேண்டுமென்றுதான் விட்டேன். சுசீந்திரம், ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை எல்லாம் ஒரு பக்கம், அதைத் தனியாக ஒரு அரை நாள் வையுங்கள். மேற்கே புதுக்கடை பக்கமும் இன்னொரு நாள் உண்டு. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடினவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, அந்தத் தியாகிகளை நினைக்கப் போகிறவர்கள் அப்படியே பக்கத்தில் முஞ்சிறை திருமலையையும் பார்க்கலாம், பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போகிற சிவாலய ஓட்டம் தொடங்குகிற கோயில். எங்கள் குழு இந்த வருஷம் அங்கேதான் போகிறது. சனிக்கிழமை என்று வேன் பேசியாகிவிட்டது, திங்கட்கிழமை இல்லை. பதினேழு பேர் காசு கொடுத்துவிட்டார்கள். பாட்டா மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, அங்கே சல்யூட் வைக்க இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.